மியூனிக்கில் ஒரு பருவம்: மாதச் செலவைவிட முதல் ஐந்து வாரங்கள்தான் கடினம்

2024 செப்டம்பர் முதல் 2025 மார்ச் வரை, திருச்சியில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, பரிமாற்ற மாணவராக ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு பருவம் படித்தேன். போவதற்கு முன் நான் கேட்ட ஆலோசனைகள் அனைத்தும் மாதச் செலவைப் பற்றியவையாகவே இருந்தன. வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, காப்பீடு இவ்வளவு என்று கூட்டி, அதை ஆறால் பெருக்கி, வந்த தொகையைத் திரட்டிவிட்டால் போதும் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினோம். ஆனால் விலையேறிய ஒரு நகரத்தில் ஒரே ஒரு பருவம் தங்கப் போகிறவரை நெருக்குவது மாதச் செலவு அல்ல. போய் இறங்கிய முதல் ஐந்து வாரங்களில், வேறு எந்தப் பணமும் கைக்கு வராத நேரத்தில், மொத்தமாகக் கொடுக்க வேண்டிய தொகைதான் நெருக்குகிறது. ஊர் திரும்பிய பிறகும் பல மாதங்கள் அங்கேயே சிக்கிக் கிடக்கும் தொகை அடுத்தது. இந்த இரண்டையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்துப் போகிறவர்களுக்காவது இது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பணத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பரிமாற்றத் திட்டத்தில் போகிறவர்கள் அங்கே கல்விக் கட்டணம் கட்டுவதில்லை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் புதிய மாணவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியபோதும், பரிமாற்ற மாணவர்களுக்கு விலக்கு இருந்தது. எனவே வீட்டில் அனைவருக்கும் நிம்மதி. விசாவுக்காக, அங்கே வாழ்வதற்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குப் பெரும்பாலானோர் பயன்படுத்தும் வழி பிளாக்டு அக்கவுன்ட், அதாவது மாதத்திற்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று முடக்கி வைக்கப்பட்ட வங்கிக் கணக்கு. 2024 செப்டம்பரில்தான் அதற்கான தொகை மாதத்திற்கு 934 யூரோவிலிருந்து 992 யூரோவாக உயர்ந்தது. ஆறு மாதத்திற்கு 5,952 யூரோ, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 5.5 லட்சம் ரூபாய். அப்பா அதை ஒரே தவணையில் அனுப்பினார். அது தவிர என் பயண அட்டையில் 1,500 யூரோ ஏற்றிக் கொடுத்தார். இவ்வளவு பணம் முன்கூட்டியே போய்விட்டதால், இனி விமானத்தில் ஏறுவது மட்டும்தான் மிச்சம் என்று நினைத்தோம்.

பிளாக்டு அக்கவுன்டில் இருக்கும் பணம் உங்களுடையதுதான். ஆனால் அது மாதத்திற்கு 992 யூரோ வீதம்தான் வெளியே வரும். அதுவும் நேராகக் கைக்கு வராது. நீங்கள் ஜெர்மனிக்குப் போய், அங்கே ஒரு நடப்புக் கணக்குத் தொடங்கி, அந்த எண்ணைக் கொடுத்து, அவர்கள் சரிபார்த்த பிறகே முதல் தவணை விழும். பல வங்கிகள் கணக்குத் தொடங்க அங்கே முகவரி பதிந்த சான்றிதழைக் கேட்கின்றன. முகவரி பதிய வீட்டுக்காரர் கையொப்பமிட்ட ஒரு படிவம் வேண்டும். விடுதியில் ஒரு படுக்கையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் ஒருவருக்கு அந்தப் படிவத்தை யாரும் கொடுப்பதில்லை. ஆக, நிரந்தர அறை கிடைக்கும்வரை நம் சொந்தப் பணம் நமக்குக் கிடைக்காது. அறை கிடைக்க வேண்டுமானால் கையில் பணம் வேண்டும். இந்தச் சங்கிலியை ஊரிலேயே யாராவது ஒரு காகிதத்தில் வரைந்து காட்டியிருந்தால், 5,952 யூரோவை நான் கையிருப்பாகவே எண்ணியிருக்க மாட்டேன்.

நான் அறை பேசி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஒரு பகிர்வு வீட்டில், ஆறு மாதம் வெளியூர் போகும் ஒரு மாணவரின் அறையை உள்வாடகைக்குத் தருவதாக ஜூலையிலேயே பேச்சு முடிந்திருந்தது. விமானத்திற்குச் சில நாட்கள் இருக்கும்போது, தன் பயணம் ரத்தாகிவிட்டது, அறையைத் தர இயலாது என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லாததால் கேட்பதற்கும் ஒன்றும் இல்லை. பயணச்சீட்டை மாற்றினால் பெரும்பணம் போகும் என்பதால் கிளம்பிவிட்டேன்.

நான் இறங்கியது செப்டம்பர் நான்காம் வாரம். மியூனிக்கிற்குப் படிக்கப் போகிறவர்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டிய காலம் அது. அங்கே குளிர்காலப் பருவம் அக்டோபர் 1இல் தொடங்குகிறது. வகுப்புகள் அக்டோபர் நடுவில்தான் ஆரம்பமாகும். மாணவர்கள் வந்து சேரும் அதே நாட்களில் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர் திருவிழா நடக்கிறது. பெயரில் அக்டோபர் இருந்தாலும் அதன் பெரும்பகுதி செப்டம்பரில்தான். 2024இல் செப்டம்பர் 21 முதல் அக்டோபர் 6 வரை நடந்தது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போகும் திருவிழா என்பதால் நகரத்தில் ஒவ்வொரு படுக்கைக்கும் விலை ஏறிவிடுகிறது. மற்ற மாதங்களில் 35 யூரோவுக்குக் கிடைக்கும், எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஓர் அடுக்குப் படுக்கைக்கு நான் இரவொன்றுக்கு 90 யூரோ கொடுத்தேன். ஒரு வாரத்தில் பயண அட்டையின் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. நள்ளிரவு கடந்தும் கூச்சலோடு வந்து படுக்கிறவர்களுக்கு நடுவில், கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்து, விடிந்ததும் அறை தேடி அலைந்த அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. ஒவ்வொரு நாளும் அம்மா கைப்பேசியில் கேட்ட முதல் கேள்வி, “ராத்திரிக்கு எங்க தங்குற?” என்பதுதான். நல்ல இடத்தில்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அழைப்பைத் துண்டித்த பிறகு அழுதிருக்கிறேன்.

அக்டோபர் 1 முதல் ஆக்ஸ்பர்க்கிற்கு மாறினேன். மியூனிக்கிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வட்டார ரயிலில் முக்கால் மணி நேரப் பயணம். இந்த இரண்டு நகரங்களும் இருக்கும் பவேரியா மாநிலத்தில் மாணவர்களுக்கு, நாடு முழுவதும் உள்ளூர்ப் பேருந்துகளிலும் வட்டார ரயில்களிலும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் சலுகை விலையில் கிடைக்கிறது. அப்போது மாதம் 29 யூரோ. 2025 ஜனவரியில் 38 ஆனது. அந்தச் சீட்டு விரைவு ரயில்களில் செல்லாது என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சீட்டு செல்லுபடியானதும் ஆக்ஸ்பர்க்கில் குறைந்த விலையில் தங்கிக்கொண்டு, தினமும் மியூனிக்கிற்கு வந்து அறை பார்த்தேன். இயன்றவர்கள் செப்டம்பர் கடைசியில் இறங்குவதையே தவிர்த்து, செப்டம்பர் முதல் வாரத்தில் போய்விடுவது நல்லது. இயலாவிட்டால், முதல் நாளிலிருந்தே சுற்றுவட்டார ஊர்களில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறை தேடுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலிவான அறை என்றால் அது மாணவர் நலச் சேவை அமைப்பு நடத்தும் விடுதிகள்தான். அவற்றில் பெரியதான ஸ்டூடென்டென்ஷ்டாட் வளாகம் நகரின் வடக்கே இருக்கிறது. 2021இல் அங்கே நேர்ந்த தீ விபத்துக்குப் பிறகு உயரமான கட்டடங்கள் மூடப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் ஆண்டுக் கணக்கில் காலியாகக் கிடந்தன. ஏற்கெனவே நீளமாக இருந்த காத்திருப்புப் பட்டியல் அதனால் மேலும் நீண்டது. பரிமாற்ற மாணவர்களுக்கென்று சில இடங்கள் ஒதுக்கப்படுகின்றன, உத்தரவாதம் கிடையாது. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். மற்றபடி மிஞ்சுவது பகிர்வு வீடுகள். இணையத்தில் விளம்பரங்களைப் பார்த்து எழுதினால் பத்தில் ஒன்றுக்குக்கூடப் பதில் வராது. நான் ஆங்கிலத்தில் எழுதியவற்றுக்குப் பதில் மிகக் குறைவாகவும், ஒரு ஜெர்மன் நண்பரின் உதவியோடு ஜெர்மனில், என்னைப் பற்றி நான்கு வரிகள் சேர்த்து எழுதியவற்றுக்குப் பதில் கொஞ்சம் அதிகமாகவும் வந்தன. அறைக்கு 700, 800 யூரோ என்பது அங்கே சாதாரணம். விளம்பரத்தில் போடும் தொகை வெப்பமூட்டல், தண்ணீர் ஆகியவை சேர்ந்ததா, சேராததா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் 100 யூரோவுக்கு மேல் வேறுபாடு வரும்.

இந்தப் பதற்றத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஏமாற்றுக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். நகரின் நடுவில் அழகான வீடு, 450 யூரோதான், வீட்டுக்காரர் வேறு நாட்டில் இருக்கிறார், முன்பணத்தை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவார் என்று எனக்கும் கடிதங்கள் வந்தன. பாஸ்போர்ட் நகலையும் கேட்டார்கள். இரவு 90 யூரோ கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த 450 யூரோ எவ்வளவு ஆசை காட்டும் என்பதை அனுபவித்தால்தான் தெரியும். அறையை நேரில் பார்க்காமல், அல்லது நம்பிக்கையான ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லாமல், ஒரு யூரோவும் அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் நகலையும் கொடுக்காதீர்கள்.

அக்டோபர் நடுவில், யூ6 ரயில் பாதையின் அருகே ஓர் அறை கிடைத்தது. எல்லாம் சேர்ந்து மாதம் 760 யூரோ. என் வகுப்புகள் நடந்த கார்ஹிங் வளாகத்திற்கு அதே ரயிலில் போய்விடலாம். வீட்டுக்காரர் மூன்று மாத முன்பணமாக 1,950 யூரோவை அன்றே கேட்டார். என் அட்டையில் அப்போது இருந்தது 150 யூரோவுக்குள். அப்பாவுக்குத் தகவல் சொன்னேன். ஒன்றும் கேட்காமல், மறுநாள் அம்மாவின் நகைகளை அடகு வைத்து 2.5 லட்சம் ரூபாய் வாங்கி அனுப்பினார். ஊரில் அம்மா வெறும் கழுத்தோடு இருப்பார் என்ற எண்ணம் அந்தப் பருவம் முழுவதும் என்னோடு இருந்தது. படிப்பில் நான் எடுத்த எந்த மதிப்பெண்ணும் அதை ஆற்றவில்லை.

முன்பணத்தைப் பற்றி அங்கே யாரும் தாமாக முன்வந்து சொல்லாத ஒன்று உண்டு. ஜெர்மானியக் குடியியல் சட்டத்தின் 551ஆம் பிரிவின்படி, முன்பணம் வெப்பமூட்டல் முதலிய செலவுகள் சேராத வாடகையின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. அதை மூன்று சமமான மாதத் தவணைகளில் கொடுக்க வாடகைக்கு வருகிறவருக்கு உரிமை உண்டு. முதல் தவணை குடியேறும்போது கொடுத்தால் போதும். என் விஷயத்தில் அது 650 யூரோ. மாணவர் நலச் சேவை அமைப்பில் நடக்கும் சட்ட ஆலோசனையில் டிசம்பரில் இதைக் கேட்டு அறிந்தபோது, அடகுக் கடைக்கு அப்பா போயிருக்கவே தேவையில்லையோ என்று தோன்றி, அன்று முழுவதும் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. அறைக்கு வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது சட்டம் பேசினால் அறையே கை நழுவிப் போகலாம் என்பதும் உண்மைதான். ஆனாலும் பணிவாக ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்; உரிமை இருக்கிறது என்று தெரிந்து கேட்பதே ஒரு பலம்.

அறை கிடைத்ததும் மற்றவை வரிசையாக நடந்தன. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர நிர்வாகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இணையத்தில் நேரம் முன்பதிவு செய்வது கடினம். காலை வேளைகளில் புதிய நேரங்கள் திறக்கும்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்காரர் தர வேண்டிய படிவத்தைத் தர மறுக்கும் இடங்களில் குடியேறாதீர்கள். அது அவர் சட்டப்படி தர வேண்டிய ஒன்று. முகவரி பதிந்து, வங்கிக் கணக்குத் தொடங்கி, பிளாக்டு அக்கவுன்டிலிருந்து முதல் 992 யூரோ வந்தது அக்டோபர் கடைசியில். அதற்குள் விடுதிகளுக்கு 1,100, முன்பணம் 1,950, அரை மாத வாடகை, காப்பீடு, குளிருடை, சாப்பாடு என்று 3,800 யூரோவுக்கு மேல் கையிலிருந்து போயிருந்தது. போகிறவர்களிடம் நான் சொல்லும் கணக்கு இதுதான்: பிளாக்டு அக்கவுன்டைத் தவிர்த்து, 3,500 முதல் 4,000 யூரோவைத் தனியாக, எடுக்கக்கூடிய வகையில் வைத்திருங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் மாணவர் விடுதி அறை உறுதியாகும்வரை இந்த நகரத்திற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே ஜெர்மனியில் லைப்ஸிக், கெம்னிட்ஸ் போன்ற கிழக்குப் பகுதி நகரங்களில் இதில் பாதி வாடகைக்கு அறை கிடைக்கிறது.

அதன் பிறகு மாதச் செலவு சமாளிக்கக்கூடியதாகவே இருந்தது, ஆனால் 992 யூரோவுக்குள் அல்ல. வாடகை 760, மாணவர் காப்பீடு 120க்கு மேல் என்றாலே கையில் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். மதியம் பல்கலைக்கழக உணவகத்தில் சாப்பிட்டேன். சில உணவுகளுக்கு எடை பார்த்து விலை போடுவார்கள், மூன்று நான்கு யூரோவில் வயிறு நிறையும். அரிசியும் பருப்பும் வாங்கி இரவில் சமைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது, மற்ற நாட்களில் இரவு எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள். சனிக்கிழமையே வாங்கி வைக்காவிட்டால் ரயில் நிலையக் கடைகளில் கூடுதல் விலைக்குத்தான் வாங்க வேண்டும். முகவரி பதிந்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். தொலைக்காட்சி இல்லை என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது. வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மாதம் 18.36 யூரோ, பகிர்வு வீட்டில் ஒருவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினால் போதும்.

டிசம்பரில் மாலை நாலரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டில் இருந்த மற்றவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த நாட்களில் இருந்த தனிமை எனக்கு உடல்நோயைப் போலவே இருந்தது. பசி எடுக்கவில்லை, உறக்கமும் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் இலவசமாக உளவியல் ஆலோசனை கிடைக்கும். ஜனவரியில் நான் போனேன், அது உதவியது. கேட்பதற்குத் தயங்க வேண்டியதே இல்லை.

பணத்தைவிட நான் அதிகம் இழந்தது காலத்தை. நம் கல்லூரிகளில் ஒற்றைப்படைப் பருவம் ஜூலை முதல் நவம்பர் வரை, இரட்டைப்படைப் பருவம் ஜனவரி முதல் மே வரை. ஜெர்மனியின் குளிர்காலப் பருவத்தில் வகுப்புகள் பிப்ரவரி தொடக்கம்வரை நடக்கும், தேர்வுகள் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வரும். அதாவது ஒரு பருவத்துக்குப் போனவர் இங்கே இரண்டு பருவங்களைத் தொலைக்கிறார். நான் மார்ச் நடுவில் திரும்பியபோது ஆறாம் பருவத்தின் பாதி முடிந்திருந்தது. வருகைப்பதிவுக் குறைவுக்குத் தனி அனுமதி வாங்கியும், இரண்டு தாள்களை அடுத்த ஆண்டுக்குத் தள்ள வேண்டியதாயிற்று. அங்கே படித்த பாடங்களில் ஒன்றுக்கு, பாடத்திட்டம் பொருந்தவில்லை என்று இங்கே மதிப்பெண் தரப்படவில்லை. கிளம்பும் முன்பே, எந்தப் பாடத்துக்கு ஈடாக எந்தப் பாடம் என்பதைத் துறைத் தலைவர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆகியோரின் கையொப்பத்தோடு வாங்கி வைக்க வேண்டும். வாய்மொழி உறுதி போதாது. பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு என்பதையும், தேர்வுப் பதிவுக்கான கடைசித் தேதி தாண்டினால் அந்தத் தேர்வை எழுத முடியாது என்பதையும் வகுப்பு தொடங்கிய வாரமே தெரிந்துகொள்ளுங்கள்.

திரும்பும் நேரத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. டாய்ச்லாண்ட் டிக்கெட் ஒரு சந்தா. மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துக்கொள்வார்கள். நாட்டை விட்டுப் போகிறேன் என்று முகவரிப் பதிவை நீக்க வேண்டும். அதைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து செய்யலாம். எல்லாவற்றையும்விட முன்பணம்தான் பெரிய விஷயம். வீட்டுக்காரர் அதை உடனே திருப்பித் தர வேண்டியதில்லை. கணக்குப் பார்க்க ஆறு மாதம்வரை வைத்திருப்பது அங்கே வழக்கம். அதற்குள் நாம் இங்கே வந்துவிடுவோம், அங்குள்ள வங்கிக் கணக்கையும் மூடியிருப்போம். நான் குடியேறிய அன்று வீட்டுக்காரர் அவசரத்தில் இருந்ததால் அறையின் நிலையைக் குறிக்கும் ஒப்படைப்புப் பத்திரம் எழுதப்படவில்லை. போகும்போது, சுவரில் இருந்த கறைகளுக்கும் அடுப்பின் மேற்பரப்பில் இருந்த கீறலுக்கும் 600 யூரோ பிடித்துக்கொண்டார். அவை நான் வருவதற்கு முன்பே இருந்தவை. மீதி 1,350 யூரோ ஆகஸ்டில், அங்கே படிக்கும் ஒரு நண்பரின் கணக்குக்கு வந்து, அவர் வழியாக எனக்குக் கிடைத்தது. 600 யூரோவுக்காகத் திருச்சியிலிருந்து வழக்காட முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மொத்தத்தில் 6 லட்சத்தில் முடியும் என்று நினைத்த பருவம், விமானச் செலவையும் சேர்த்து 8.5 லட்சத்தைத் தொட்டது. நகைகளைச் செப்டம்பரில்தான் மீட்டோம். முன்பணத்தில் திரும்பி வந்த தொகையும் விடுமுறையில் நான் பார்த்த வேலையின் சம்பளமும் அதற்குப் போயின. இந்த அக்டோபரில் போகிறவர்கள் மே மாதத்திலேயே விடுதிக்கு விண்ணப்பித்து, ஜூனில் உள்வாடகை அறைகளைத் தேடத் தொடங்கி, பேச்சு முடிந்த அன்றே கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை வாங்கிக்கொள்ளுங்கள். குடியேறும் நாளில் வீட்டுக்காரர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும், ஒவ்வொரு சுவரையும் அடுப்பையும் தேதியோடு படமெடுத்து, அன்றே அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். முன்பணம் வந்து சேரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.